மலிவான எரிபொருளும் மறைந்து நின்ற செலவும்
(இயற்கை எரிவாயு வண்டிகள் பற்றிய அறிவியற் பாடம்)



“எது மலிவு?” என்று கேட்டால், “விலை குறைந்தது எதுவோ அதுவே மலிவு” என்று நாம் உடனே விடை கூறிவிடுகிறோம். அவ்விடை எப்பொழுதும் சரிதானா? இதனை ஆராய்வதற்கு நம் கண்முன் நிகழ்ந்து முடிந்த ஒரு வரலாறே தக்க சான்றாக விளங்குகின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் இயற்கை எரிவாயுவில் ஓடிய வாடகைக் கார்களின் வரலாறே அது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே தொடர்வண்டியைவிட்டு இறங்கி வாடகைக் கார் பிடித்த பலருக்கு ஒரு காட்சி நினைவில் இருக்கும். பயணியின் பெட்டியை வைப்பதற்காக ஓட்டுநர் காரின் பின்பக்கத்தைத் திறப்பார். அங்கே பெட்டி வைக்க இடமிராது. பெரிய இரும்புத் தோம்பு ஒன்று குறுக்கே படுத்திருக்கும். பெட்டியின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கார் புறப்படும். அந்தத் தோம்பிலிருந்தே நமது பாடம் தொடங்குகின்றது.

இயற்கை எரிவாயு என்பது யாது?

நிலத்தடியிலும் கடலடியிலும் எண்ணெய் கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒருவகை வாயுவும் கிடைக்கின்றது. அதன் பெரும்பகுதி மீத்தேன் ஆகும். ஒரு கரியணுவும் நான்கு நீர்வாயு அணுக்களும் சேர்ந்தது மீத்தேன். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிந்தால் நாம் அறிந்துகொள்ளும் பொருட்டே இதனுடன் நாற்றமுடைய பொருளொன்றைக் கலக்கின்றனர்.

நம் அடுப்பங்கரைத் தோம்பில் இருப்பது வேறு வாயு. அது புரொப்பேன், பியூட்டேன் என்பவற்றின் கலவை. சிறிது அழுத்தினாலே அது நீர்மமாகிவிடும். ஆகவே சிறிய தோம்பிலும் நிறைய அடங்கும். மீத்தேன் அவ்வாறு எளிதில் நீர்மமாவதில்லை. அதனை வாயுவாகவே வைத்துக்கொண்டு, நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தி, தடித்த எஃகுத் தோம்பில் அடைத்தாக வேண்டும். ஒரு காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 மடங்குதான். அதனைப் போல் நூறு மடங்கு அழுத்தத்தை அந்தத் தோம்பு இரவும் பகலும் தாங்கி நிற்கின்றது. இவ்வுண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னர்க் கூறப்போகும் குறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

நம் நாட்டிற்கு வந்த வகை

திரெங்கானு கடற்பகுதியில் எரிவாயு மிகுதியாகக் கிடைக்கின்றது. 1974ஆம் ஆண்டு பெட்ரோனாஸ் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டு கெர்த்தே நகரில் எரிவாயுவைத் தூய்மைப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. திரெங்கானுவில் சில வண்டிகளை எரிவாயுவில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் 1980களிலேயே நடந்தது. பின்னர் நிலத்தடிக் குழாய் சிகாமட் வரை நீட்டப்பட்டு, அங்கிருந்து ஒரு கிளை சிங்கப்பூரை நோக்கியும் மற்றொரு கிளை கிள்ளான் பகுதியை நோக்கியும் சென்றது. 1995ஆம் ஆண்டு வண்டிகளுக்கு எரிவாயு வழங்குவதற்கென்றே பெட்ரோனாஸ் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. 1990களின் இறுதியில் எரிவாயு ஒன்றிலேயே ஓடும் ‘என்விரோ 2000’ வாடகைக் கார்கள் கோலாலம்பூர்ச் சாலைகளில் தோன்றின. ஏனைய வாடகைக் கார்களிலோ பெட்ரோல் தொட்டியும் எரிவாயுத் தோம்பும் ஒருங்கே இருந்தன.

2008ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக ஒரே நாளில் உயர்ந்தது. எரிவாயுவின் விலையோ அதனினும் மிகக் குறைவாக இருந்தது. சில ஆயிரம் வெள்ளி செலவிட்டுத் தோம்பு பொருத்திக்கொள்ளப் பலரும் முன்வந்ததில் வியப்பில்லை. இனி, அவர்கள் எதிர்கொண்ட குறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் குறை: இடமும் சுமையும்

200 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் எஃகு தடித்ததாக இருத்தல் வேண்டும். 60 லிட்டர் கொள்ளளவுடைய ஓர் எஃகுத் தோம்பின் எடை ஏறத்தாழ 60 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவர் பின்பக்கத்தில் எந்நேரமும் படுத்துக்கொண்டே பயணம் செய்வதற்கு இஃது ஒப்பாகும். அவர் கட்டணம் செலுத்துவதில்லை. பெட்டி வைக்கும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறார்! விமான நிலையத்திற்குச் செல்லும் பயணி, இடமில்லை என்று கண்டு வேறு காரை நாடினால், அந்த இழப்பு ஓட்டுநருடையதே. சுமை கூடுவதால் பின்சக்கரங்களும் சுருள்வில்களும் விரைவில் தேய்வதும் உண்டு.

இரண்டாம் குறை: செல்லும் தொலைவு

இவ்வளவு அழுத்தி அடைத்தும், ஒரே அளவு இடத்தில் பெட்ரோல் தரும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே எரிவாயு தருகின்றது. ஒரு கணக்கால் இதனை அறிவோம்.

கார் ஒன்று ஒரு லிட்டர் பெட்ரோலில் 12 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம்.

40 லிட்டர் பெட்ரோல் தொட்டி: 40 × 12 = 480 கிலோமீட்டர்.

60 லிட்டர் எரிவாயுத் தோம்பு: 60 ÷ 4 = 15 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. 15 × 12 = 180 கிலோமீட்டர்.

பெரிய தோம்பு குறைந்த தொலைவையும், சிறிய தொட்டி மிகுந்த தொலைவையும் தருவதைக் கண்டீர்களா? நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார், பெட்ரோல் என்றால் ஒருமுறை நிரப்பி ஒன்றரை நாள் ஓடலாம். எரிவாயு என்றால் நாள்தோறும் இருமுறை நிலையத்திற்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் குறை: நிலையமும் காத்திருப்பும்

பெட்ரோல் நிலையம் அமைக்க நிலத்தடித் தொட்டியும் இறைக்கும் பொறியும் போதும். எரிவாயு நிலையத்திற்கோ பெரிய அழுத்து பொறி வேண்டும். அப்பொறிக்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். அருகில் எரிவாயுக் குழாயும் வேண்டும். குழாய் செல்லாத இடத்து நிலையங்களுக்குத் தோம்புகள் அடுக்கிய லாரியில் வாயுவைக் கொண்டுசென்று சேர்த்தனர். லாரித் தோம்பின் அழுத்தம் குறையக் குறைய, வரிசையில் பின்னால் நிற்பவருக்கு வாயு மெதுவாகவும் குறைவாகவும் ஏறும். பால் வாளியிலிருந்து குழாய் வழியாக மற்றொரு வாளிக்குப் பாலை இறக்கும்போது, இரண்டிலும் மட்டம் சமமானவுடன் ஓட்டம் நின்றுவிடுவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். இதுவும் அதனைப் போன்றதே.

மற்றொன்றையும் கவனியுங்கள். மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். வாயுவை அழுத்தினால் வெப்பம் எழும். வெப்பமான வாயு விரிந்து நிற்க முயலும். ஆகவே கொளுத்தும் நண்பகலில் விரைவாக நிரப்பினால், அழுத்தமானி ‘நிறைந்தது’ என்று காட்டும். சிறிது நேரத்தில் தோம்பு குளிர்ந்ததும் முள் கீழே இறங்கிவிடும். உள்ளே ஏறிய வாயு குறைவே. நிறைந்ததாக எண்ணிப் புறப்பட்ட ஓட்டுநர், எதிர்பார்த்த தொலைவிற்கு முன்னரே மீண்டும் வரிசையில் நிற்க நேரிடும்.

நகரை விட்டுத் தொலைவில் உள்ளவர்க்கு இக்குறை இன்னும் பெரிது. எரிவாயு நிலையங்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பெரிய நகரங்களிலுமே இருந்தன. செம்பனைத் தோட்டத்திலிருந்து பழைய வேனில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வருபவர், மலிவான வாயுவை நிரப்புவதற்காகவே நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்வருவாராயின், மிச்சமான காசு வழியிலேயே எரிந்துபோகும் அன்றோ?

காத்திருந்த நேரத்தின் விலை

கிள்ளானில் வாழும் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பெட்ரோலில் ஓட்டினால் 25 லிட்டர் வேண்டும். எரிவாயுவால் லிட்டருக்கு 80 காசு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம்.

நாள்தோறும் மிச்சம்: 25 × 80 காசு = 20 வெள்ளி.

இனி மறுபக்கம். நாளில் இருமுறை, முறைக்கு 45 நிமிடம் அவர் வரிசையில் நிற்கிறார் எனில், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் செலவாகும். அந்நேரத்தில் வாடகைக்கு ஓட்டியிருந்தால் மணிக்கு 12 வெள்ளி கிடைத்திருக்கும் என்றால்:

நாள்தோறும் இழப்பு: 12 × 1½ = 18 வெள்ளி.

உண்மையான மிச்சம் 20 − 18 = 2 வெள்ளி மட்டுமே! மாதத்தில் 26 நாள் உழைத்தால், வரிசையில் நின்ற நேரம் 39 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் வீட்டிலே மனைவி மக்களுடனும் இல்லை, சாலையிலே வருவாயுடனும் இல்லை.

பயணிகள் குறைந்த நள்ளிரவிலோ விடியற்காலையிலோ சென்று நிரப்பியவர்க்கு இழப்பு குறைவாகவே இருந்திருக்கும். எனவே எல்லார்க்கும் நட்டமே என்று நாம் கூறவில்லை. பணப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது மட்டுமே செலவு அன்று; நேரமும் செலவே என்பதுதான் இங்கே அறியத்தக்கது.

நான்காம் குறை: இழுவிசையும் பராமரிப்பும்

இயந்திரத்தின் உருளைக்குள் எரிபொருளுடன் காற்றும் செல்ல வேண்டும். பெட்ரோல் சிறு துளிகளாகச் செல்வதால் சிறிதளவு இடமே போதும். எரிவாயுவோ வாயுவாகவே நுழைந்து, காற்றிற்கு உரிய இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றது. காற்று குறைந்தால் எரிதலும் குறையும். ஆகவே பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட இயந்திரத்தில் பின்னர் எரிவாயுக் கருவி பொருத்தினால், இழுவிசை பத்தில் ஒரு பங்கு அளவிற்குக் குறையும். சமமான கூட்டரசு நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தோன்றாது. ஐவர் அமர்ந்து கெந்திங் மலையேறும்போது நன்றாகவே தோன்றும்.

மேலும், எரிவாயுக் கலவையில் தீப்பொறி எழுப்ப மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். ஆதலின் தீப்பொறிச் செருகிகளை அடிக்கடி மாற்ற நேரும். வால்வு அமரும் இடங்களும் விரைவில் தேயலாம். இவற்றையெல்லாம் அறிந்த தேர்ச்சி பெற்ற பட்டறைகள் எல்லா ஊர்களிலும் இருந்ததில்லை.

ஐந்தாம் குறை: தோம்பின் முதுமை

இதுவே யாவற்றினும் முதன்மையானது. எரிவாயுத் தோம்பு வலிமையற்றது என்று எண்ண வேண்டா. பெட்ரோல் தொட்டியைக் காட்டிலும் அது பன்மடங்கு உறுதியானது. மீத்தேன் காற்றைவிட இலேசானதாகையால், திறந்த வெளியில் கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடும். (கூரையுடைய மூடிய இடத்தில் மேலே தேங்கி நிற்கும், அதுவே ஆபத்து.) ஆயினும் எஃகிற்கும் ஆயுள் உண்டு. நிரப்பும்போது விரிந்தும், தீரும்போது சுருங்கியும் தோம்பு ஆயிரக்கணக்கான முறை உழைக்கின்றது. மழை நீரும் ஈரமும் வெளிப்புறத்தை அரிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று உள்ளே வளரலாம். இத்தகைய தோம்புகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க காலம் ஏறத்தாழ 15 ஆண்டுகள் என்று அரசு எடுத்துக்கூறியது.

தோம்பின் விலையோ சிறிதன்று. காரே பழையதாகிவிட்ட நிலையில் புதிய தோம்பு வாங்க எத்தனை ஓட்டுநரால் இயலும்? செலவுக்கு அஞ்சிக் காலங்கடந்த தோம்பிலேயே ஓட்டுவது, தம் உயிரையும் அருகில் நிற்போர் உயிரையும் பணயம் வைப்பதாகும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. சமையல் எரிவாயுத் தோம்பையோ தகுதியற்ற வேறு கலனையோ வண்டியில் பொருத்திக்கொள்வதே அது. சமையல் தோம்பு தாங்கும்படி செய்யப்பட்டது சிறிய அழுத்தத்தையே. அதில் 200 மடங்கு அழுத்தத்தை ஏற்றினால் விளைவது என்ன என்பதை விளக்கவும் வேண்டுமோ?

நன்மையையும் கூறுவோம்

ஒரு பொருளின் குறையை மட்டும் கூறி நிறையை மறைப்பது நடுவுநிலைமை ஆகாது. எரிவாயு, டீசலைப் போல் கரும்புகையைக் கக்குவதில்லை. 1998ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், தில்லி மாநகரப் பேருந்துகள் யாவும் எரிவாயுவிற்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. நிலையங்கள் போதாமையால் பேருந்துகளும் ஆட்டோக்களும் நெடுநேரம் வரிசையில் நின்று மக்கள் பெரிதும் துன்புற்றனர். எனினும் 2002ஆம் ஆண்டின் இறுதிக்குள் மாற்றம் நிறைவேறியது. பேருந்துகள் கக்கிய கரும்புகை ஒழிந்தது. ஒவ்வொரு மாலையும் ஒரே பணிமனைக்குத் திரும்பும் பேருந்துகளுக்கு எரிவாயு பொருந்துகின்றது. பேருந்தின் கூரைமீதோ அடியிலோ தோம்பு வைக்க இடமும் உண்டு. நம் புத்ராஜெயாவிலும் எரிவாயுப் பேருந்துகள் ஓடியதுண்டு. நாள் முழுவதும் பயணியைத் தேடித் திரியும் சிறிய காருக்கே அஃது இடர் மிகுந்ததாயிற்று.

நியூசிலாந்து நாட்டின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அந்நாடு 1979ஆம் ஆண்டு எரிவாயு வண்டித் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் உதவியால் 1980களின் நடுவில் 1,00,000க்கும் மேற்பட்ட வண்டிகள் எரிவாயுவில் ஓடின. எண்ணெய் விலை சரிந்து, அரசின் உதவியும் நின்றவுடன், அத்திட்டம் விரைவில் தேய்ந்து மறைந்தது.

முடிவு

நம் நாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. லிட்டருக்கு 68 காசாக இருந்த எரிவாயு விலை, 2016ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் 1 வெள்ளி 5 காசாக உயர்ந்தது. விலையின் நன்மை குறைந்தது. குறைகளோ அப்படியே நின்றன. 2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சு, எரிவாயு வண்டிகளின் பயன்பாடு 2025 ஜூலை 1ஆம் நாளுடன் முடிவுக்கு வரும் என்று அறிவித்தது. தோம்புகளின் முதுமையே அதற்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணம். அப்பொழுது எஞ்சியிருந்த எரிவாயு வண்டிகள் ஏறத்தாழ 44,000. நாட்டின் மொத்த வண்டிகளில் இது நூற்றில் ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கை சிறிதாயினும், ஒவ்வொரு வாடகைக் காரின் பின்னும் ஒரு குடும்பத்தின் உலைப்பானை இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே ஓர் எரிபொருளின் தகுதியை அதன் விலைப்பலகை ஒன்றைக் கொண்டு அளத்தல் கூடாது. எங்கே கிடைக்கும்? எதில் அடைப்பது? எவ்வளவு தொலைவு செல்லும்? நிரப்ப எவ்வளவு நேரமாகும்? எத்தனை ஆண்டு உழைக்கும்? பழையதானால் யார் செலவில் மாற்றுவது? இந்த ஆறு கேள்விகளையும் கேட்ட பின்னரே முடிவு செய்தல் வேண்டும். இன்று மின்சாரக் கார்கள் வரத் தொடங்கியுள்ளன. அவற்றையும் இதே ஆறு கேள்விகளால் அளந்து பாருங்கள்.

பெற்றோர் கவனத்திற்கு

1. பழைய கார் வாங்கும்போது பின்பக்கத்தைத் திறந்து, எரிவாயுத் தோம்பு உண்டா என்று பாருங்கள். வண்டியின் பதிவுப் பத்திரத்தில் எரிபொருள் வகை என்னவென்று குறித்திருப்பதையும் படித்துப் பாருங்கள்.

2. தோம்பு இருந்தால் நீங்களே கழற்ற முற்படாதீர்கள். உள்ளே வாயு எஞ்சியிருக்கலாம். தகுதி பெற்ற பட்டறையிடம் ஒப்படைத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள்.

3. பழைய தோம்பைப் பழைய இரும்புக்கு விற்காதீர்கள். அறுக்கவும் சூடேற்றவும் வேண்டா. கைவிடப்பட்ட கார்களில் பிள்ளைகள் ஏறி விளையாட இடங்கொடாதீர்கள்.

பயிற்சி

1. சமையல் எரிவாயுவிற்கும் இயற்கை எரிவாயுவிற்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினைக் கூறுக.

2. நண்பகலில் நிரப்பிய தோம்பின் அழுத்தமானி முள் பின்னர்க் கீழே இறங்குவது ஏன்?

3. மேற்கண்ட கணக்கில் ஓட்டுநர் முறைக்கு 15 நிமிடமே காத்திருந்தால், அவருடைய உண்மையான மிச்சம் எவ்வளவு? முறைக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தால் என்னவாகும்?

4. உங்கள் வீட்டில் ‘மலிவு’ என்று வாங்கிப் பின்னர்ச் செலவு வைத்த பொருள் ஒன்றினைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.